நாற்பத்தோராம் பக்கம்

மேசையில் மூன்று கட்டுகள்.
மின்விசிறி சுற்றும்போதெல்லாம்
ஒன்று மற்றதன் விலையை எட்டிப் பார்க்கிறது.

முதலாவது, கடல் கடந்து வந்த மாதிரிப் பக்கங்கள்.
முழுப் பெட்டியும் வேண்டுமென்றால் டொலரில் கட்ட வேண்டும்.
நெவில் துறைமுகத்தில் இரண்டு மாதம்
ஓவர்டைம் செய்தால் வந்து சேரும் ஓர் ஆங்கிலம்.
நல்ல தாள். சத்தியமாக நல்ல தாள்.
ஒவ்வோர் ஓசைக்கும் ஒரு சின்ன அட்டை,
ஒவ்வோர் அட்டைக்கும் நான் சொல்லவேண்டிய வசனம்.
'இப்போது புன்னகையுங்கள்' என்றுகூடப் போட்டிருக்கிறார்கள்.
ஆறாம் பாடத்தில் பனி கொட்டுகிறது.
ஷெரோமி கேட்டாள்: "அது உப்பா?"

இரண்டாவது, சென்னையில் யாரோ ஒரு தாய்
தன் பிள்ளைக்கென்று செய்து, பிறகு விற்கத் தொடங்கியது.
அழகான ழ. அதன் வாலில் தொங்கும் குரங்கு.
பாணின் படத்துக்குக் கீழே 'ரொட்டி' என்றிருந்தது.
"பிழை" என்றான் ஜூட்,
நாலு வயதின் முழு அதிகாரத்தோடு.
பின்னேரம் பாண்காரரின் ஓட்டோ
அந்த ஒரே மெட்டை இழுத்துக்கொண்டு
ஒழுங்கைக்குள் வந்துவிடும்.
அவனிடம் என்ன சொல்லி வாதாட?
பாவம், அந்தத் தாய்க்குக் கொட்டாஞ்சேனை தெரியாது.
எனக்கும் அவளுடைய தெரு தெரியாது.

கீழ்வீட்டு பிலோமினா அன்ரி கேட்கிறார்:
"கிராம சேவகர் வந்து கேட்டால் என்ன சொல்லுவாய்?"
"சிங்களம் யார் சொல்லிக் கொடுக்கிறது?"
சிங்களத்தைப் பிள்ளைகள் படிக்கட்டிலேயே படித்துவிட்டார்கள்,
சண்டை பிடித்து, சமாதானமாகி,
மறுபடி சண்டை பிடிக்கும் அளவுக்கு.
முதல் கேள்விக்குத்தான்
தேத்தண்ணி போட உள்ளே போனேன்.

வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேர்.
'ம'வில் ஷெரோமி தடக்கி நின்றபோது
நாற்பத்தேழு பேரும் சேர்ந்து
அவளுக்காகச் சொல்லி முடித்தார்கள்.
அன்பாகத்தான். டீச்சரும் சிரித்தபடிதான்.
அதற்குப் பிறகு மூன்று மாதம்
பள்ளிக்கூடத்தில் அவள் வாய் திறக்கவில்லை.
இதை எந்தப் பெட்டியின் பின்னட்டையிலும் தேடிவிட்டேன்.
'வயது ஐந்து முதல் ஏழு வரை' என்றுதான் இருக்கிறது.

மூன்றாவது, மருதானை நடைபாதையில்
பழைய புத்தகக் குவியலுக்குள் கிடந்த பயிற்சிக் கொப்பி.
நூற்று எண்பது ரூபாய்.
மழை குடித்து வீங்கிய மூலைகள்.
முன்பக்கத்தில் பெயரை அழித்த இடம் மட்டும் வெள்ளை.
யாரோ ஒரு பிள்ளை பென்சிலை அழுத்தி அழுத்தி
நாற்பத்தோராம் பக்கம் வரைக்கும் எழுதியிருக்கிறது.
அந்தப் பக்கத்துப் படம் கிழிந்துபோயிருக்கிறது.
கீழே, கோட்டின்மேல், 'மர' என்று இரண்டெழுத்து.
அவ்வளவுதான். மிச்சக் கொப்பி முழுக்க வெறுமை.

வீடு மாறினார்களா, காய்ச்சலா,
சாப்பிடக் கூப்பிட்டார்களா, தெரியவில்லை.

நேற்று நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது
ஜூட் அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான்:
"அம்மா, இது லைட் போஸ்ட்டில ஒட்டியிருக்கிற எழுத்து!"
மரண அறிவித்தல். அவன் வாசித்த முதல் வாசகசாலை அது.
நான் சிரிப்பதா என்று நிற்கையில்
ஷெரோமி குந்தியிருந்து பென்சிலை எடுத்தாள்.

'ம்' என்று என் வாய் தயாராகிவிட்டது.
பல்லைக் கடித்தேன்.
கையிலிருந்த சாளை வழுக்கிச் சட்டிக்குள் விழுந்தது.
அவள் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள்,
ம, ம, மர,
பிறகு அந்த அந்நியப் பிள்ளையின் எழுத்துக்குப் பக்கத்தில்
தன் கோணல் எழுத்தில், அவசரமே இல்லாமல்,
'க்கறி' என்று எழுதினாள்.

மரக்கறி.
எனக்கு அது தோன்றவேயில்லை.

விடியற்காலை நெவில் எண்ணெய் மணக்க வந்து
மேசையைப் பார்த்துக் கேட்டார்:
"முடிவெடுத்தாச்சா? எந்தப் புத்தகம்?"
சென்னைத் தாயின் குரங்கை வெட்டி வைத்திருந்தேன்.
டொலர்ப் பெட்டிக்கு இன்னும் பதில் போடவில்லை.
"நாற்பத்திரண்டாம் பக்கம் வரைக்கும்" என்றேன்.
அவர் சேர்ட்டைக் கழற்றியபடி
அடுத்த பக்கத்தில் என்ன படம் என்று
புரட்டிப் பார்த்தார்.